சொம்புத் தண்ணீர் காவல் காத்த வீடு

காலை ஏழேகாலுக்குச் சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகன், "நான் குடியிருக்கிற வீட்டை ஜாக்கி வெச்சுத் தூக்குறாங்கப்பா. இன்னும் அரையடிதான் பாக்கி" என்று போனில் சாவகாசமாகச் சொல்கிறான்! திருநெல்வேலியில் முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். "பெட்டியைக் கட்டி வை, வேற வீடு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு முந்தின ராத்திரியே ஊரில் ரயில் ஏறிவிட்டேன்.

டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. ஒன்பது மணிக்கு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"தூக்கற ஊட்டுக்கா சார்? மல்லிகாக்கா ஊடு. ஊரே வேடிக்கை பாத்துக்கினு கீது" என்றார் ஓட்டுநர். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தெருவைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. சாலை போடும்போதெல்லாம் பழையதன்மேலேயே போட்டிருக்கிறார்கள். பழைய வீடுகளுக்குப் படியில் இறங்க வேண்டும், புது வீடுகளுக்கு ஏற வேண்டும். படிகளைப் பார்த்தே எந்த வீடு எப்போது கட்டியது என்று சொல்லிவிடலாம். மொட்டை மாடிகளில் அடுத்த மாடிக்காக விட்ட கம்பிகள், துருப்பிடிக்காதபடி தலையில் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்து நின்றன. வாடகை அறைகளின் கதவுகளுக்கு ஆளுக்கொரு நிறம். தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுத் தொழிலாளிகளும் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் தங்கள் அறையைத் தப்பாமல் கண்டுபிடிக்கத்தானாம். எந்தப் பொறியாளர் யோசித்தார் இதையெல்லாம்?

ஒன்பதரைக்கு, மகன் குடியிருக்கும் மல்லிகாக்கா வீடு. அடிச்சுவரை அறுத்து, கீழே வரிசையாக ஜாக்கிகள். மிஸ்திரி விசில் ஊதினால் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று திருப்ப வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால், வீட்டுக்கார அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"ஏம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா? வெளியே வாங்க!"

"முப்பது பேரு நாஷ்டாவுக்கு வருவாங்க சார். அடுப்ப அணைச்சா அவங்க எங்க போவாங்க? போன மழைக்கு முட்டி வரைக்கும் தண்ணி. இன்னொரு மழை வந்தா ஊடே போயிடும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

ஜன்னல் விளிம்பில் வாய்வரை தண்ணீர் நிரப்பிய சொம்பு இருந்தது. வீடு ஒரு பக்கம் சாய்ந்தால் அது சொல்லிவிடுமாம். இட்லி ஊற்றும்போதும் அவர் கண் அதன்மேல்தான்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் வழிந்தது.

"நிறுத்து நைனா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லாக் கைகளும் நின்றன. தென்மேற்கு மூலையில் ஜாக்கிக்கு அடியில் மண் உள்வாங்கியிருந்தது. சுவரில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். மல்லிகாக்கா முகம் வெளிறிப்போனது. என்னவோ தெரியவில்லை, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் மண்ணில் படுத்தேன். மிஸ்திரி பலகை செருகினார், நான் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபைப் பிடித்தேன். விரிசல் மேற்கொண்டு ஓடவில்லை. சொம்பை மறுபடி நிரப்பி வைத்தார்கள். ஒரு சுற்று, ஒரு விசில். மறுபடி ஒரு சுற்று.

மூன்றரை மணிக்கு மிஸ்திரி கையைத் தட்டினார். மொத்தம் மூன்றடி. சொம்பில் ஒரு சொட்டு குறையவில்லை. மல்லிகாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு சொம்பை என்னிடம் நீட்டினார்.

"குடிங்க சார். சட்டையெல்லாம் மண்ணு பண்ணிக்கினீங்க."

மடமடவென்று குடித்தேன். எங்கள் ஊர் வீட்டிலும் மழைக்குத் தண்ணீர் வருகிறது. எட்டு வருடமாக இடித்துக் கட்ட வரைபடம் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நிபுணன்!

மகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மல்லிகாக்காவிடம் சாவி வாங்கி, அதே வீட்டில் அவனுடைய பச்சைக் கதவைத் திறந்தேன். நான் சொன்னபடியே பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஐந்து மணி ரயிலுக்குக் கிளம்பினேன்.