இருபத்து மூன்று பேருக்குப் பட்ட பந்து

என் தம்பி பிலேந்திரனின் பந்து 2004ஆம் ஆண்டுக் கோடையில் இருபத்து மூன்று பேரின் உடம்பில் பட்டது. ஒஸ்லோவில் பேஸ்பால் விளையாடிய கழகங்களில் அந்த வருடம் வேறு எவனும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அந்த அணிக்குப் புள்ளி எழுதியவள் நான். எழுத ஆள் இல்லாமல் அவர்கள் திண்டாடியபோது, என் அக்கா யோகராணி எழுதுவா என்று இவனே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அவனை முரடன் என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் பழக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறான். கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் இவன் ஓரடி பின்னால் தள்ளி நின்று இடம் விடுவான். அதற்காக எத்தனை தரம் அவனை ஏசியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து போட்டவன். ஆனால் கிரிக்கெட்டில் முழங்கையை மடித்து நிமிர்த்தினால் அது போடுவதில்லை, எறிவது. இவனுடைய கை மடியும். அங்கேயும் அதைச் சொல்லித்தான் நிற்பாட்டினார்கள். இங்கே வந்து தமிழர் அணியில் சேர்ந்தபோது ஒரே ஆட்டத்தில் ஏழு நோபோல். இனிப் பந்தைத் தொடாதே, எல்லைக் கோட்டில் போய் நில் என்றார்கள். அவனும் இரண்டு வருடம் போய் நின்றான்.

கிடங்கில் மேற்பார்வை பார்க்கிற ஸ்டெய்னார் என்ற நோர்வேக்காரன் ஒரு பேஸ்பால் அணியின் பயிற்சியாளன். அழுகின தோடம்பழங்களை இவன் தூரத்தில் நின்றே தொட்டிக்குள் எறிவதைப் பார்த்துவிட்டு விளையாடக் கூப்பிட்டான். முதல் நாள் பயிற்சி முடிந்து தம்பி நேரே என் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, இஞ்சை கையை மடிச்சு எறியலாம். எறியத்தான் வேணுமாம்," என்றான்.

முப்பத்தாறு வயதில் அவனுடைய கை சரியான கை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு புள்ளி எழுத மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பழக்கம் விடுமா? கிரிக்கெட்டில் விக்கெட் துடுப்பாட்டக்காரனின் காலுக்குப் பின்னால் இருக்கும். நேராகப் போகிற பந்து காலுக்குத்தான் போகும். பேஸ்பாலில் பந்து தாண்ட வேண்டிய வெள்ளைத் தட்டு நிலத்தில், அடிப்பவனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடிப்பவனின் உடம்பில் பந்து பட்டால் அவன் சும்மா நடந்து முதலாம் தளத்துக்குப் போகலாம். தம்பிக்கு இதெல்லாம் தெரியும். அவசரத்தில் அவனுடைய கைக்குத்தான் தெரியவில்லை. முழங்கால், கணுக்கால், தொடை என்று பட்டுக்கொண்டே இருந்தது.

பட்டதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். பட்டதும் இவன் செய்த வேலைதான் கெடுத்தது. கிரிக்கெட்டில் பந்து காலில் பட்டால் எல்பிடபிள்யூ கேட்க வேண்டும். நடுவர் பந்து போடுகிறவனுக்குப் பின்னால் நிற்பார். ஆகவே இவன் ஒவ்வொரு தரமும் சட்டென்று பின்னால் திரும்பி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்பான். பின்னால் ஒரு நடுவரும் இல்லை, வெறும் புல். முன்னால் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆளை அடித்துவிட்டுக் கொண்டாடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இவன் பைக்குள் இருந்து தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு மற்ற அணியின் வாங்குக்குப் போய், அடிபட்டவனின் காலில் பூசிவிட்டு வருவான். அதை யார் பார்த்தார்கள்?

ஸ்டெய்னார் இதைத் திருத்தவே இல்லை. பயத்தில் எதிரணிக்காரர்கள் தட்டைவிட்டுத் தள்ளி நின்றார்கள், பந்து அவர்களுக்கு எட்டவில்லை, நாங்கள் வென்றுகொண்டிருந்தோம். அவனுக்கு அது காணும்.

யூலையில் எதிரணி ஒன்றில் விளையாடிய ஊலே என்ற பெடியன் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தான். அவன்தான் இருபத்து மூன்றாவது ஆள். முழங்கால் வீங்கி இரண்டு கிழமை நொண்டியவன். போட்டி நடத்துகிறவர்கள் தம்பியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரேயடியாக விலக்கவும் கூடும் என்று கடிதத்தில் இருந்தது. நானும் போனேன். விசாரித்தவர்களில் ஒரு அம்மா மிகவும் இரக்கமான குரலில், நீங்கள் போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவர், உள்ளே கோபம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டா. எனக்கு அந்த மேசையைத் தூக்கிப் புரட்டலாம் போல இருந்தது. அவனுக்குள் அல்ல அம்மா, எனக்குள் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. தம்பி என் கையை அமத்தினான். பிறகு எழுந்து, திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, கிரிக்கெட்டில் நடுவர் எங்கே நிற்பார் என்று விளங்கப்படுத்தினான். இருவர் சிரித்தார்கள். வேண்டுமென்று ஒருவர்மேலும் எறிந்ததில்லை, இனியும் எறிய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். எச்சரிக்கையோடு விட்டார்கள். அதற்குப் பிறகு அவனுடைய பந்து ஒருவருக்கும் படவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஊலேயின் அணியோடு திரும்ப ஆட்டம். அவர்கள் எறிந்த பந்து எங்கள் ஆள் ஒருவனின் விலாவில் பட்டது. நாங்கள் எறியும் முறை வரும்போது ஸ்டெய்னார் வாங்கடிக்கு வந்தான். நான் புள்ளிப் புத்தகத்தோடு பக்கத்திலேயே இருக்கிறேன். என்னை ஒரு கதிரையாக நினைத்தானோ என்னவோ.

"முதல் ஆள் ஊலே. பதிலுக்கு அவன் உடம்பில் பட எறி," என்றான். "கிரிக்கெட் பழக்கம் என்று சொல்லு. இப்போது எல்லாரும் நம்புவார்கள்."

தம்பி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். விசாரணையில்கூட அவனுடைய முகம் அப்படிக் கறுக்கவில்லை.

"நான் வாக்குக் குடுத்தனான்," என்று தமிழில் சொன்னான். ஸ்டெய்னாருக்கு விளங்காது. எனக்குத்தான் சொன்னான்.

ஊலே தட்டைவிட்டு எட்டி, பயந்துபோய் நின்றான். தம்பி மூன்று பந்து எறிந்தான். மூன்றும் தட்டுக்கு நேர் மேலால் போயின. அப்படி மூன்றை விட்டால் அடிப்பவன் வெளியே; ஊலே ஒன்றையும் தொடவில்லை, ஆட்டமிழந்தான். அந்தக் கோடை முழுக்கத் தம்பி அவ்வளவு திறமாக எறிந்து நான் பார்க்கவில்லை. அடுத்த ஆள் வருமுன்னே ஸ்டெய்னார் அவனை வெளியே எடுத்தான். அடுத்த கிழமைப் பட்டியலில் பெயர் இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஸ்டெய்னார் தொலைபேசியை எடுக்கவும் இல்லை, கிடங்கில் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. தம்பி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் அவன்மேலும் எனக்குக் கோபம்தான்.

ஒக்டோபரில் கழகத்தின் கடைசி விருந்து. பகிடிக்குச் சில கோப்பைகள் கொடுப்பார்கள். அதிக பேருக்குப் பந்தால் அடித்தவர் என்று தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவன் வரவில்லை என்பதால் ஸ்டெய்னார் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

நான் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "இருபத்து மூன்று பேருக்குப் பட்டபோது அவனை வைத்திருந்தாய். ஒருவன்மேல் எறி என்று நீ சொன்னாய், அவன் எறியவில்லை, அதற்குத்தான் நிற்பாட்டினாய். கோப்பையில் அதையும் எழுது."

ஸ்டெய்னார் கோப்பையைப் பிடித்தபடியே நின்றான். நான் அதை வாங்கவில்லை. மேசையில் கிடந்த புள்ளிப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. ஊலேயின் பெயருக்கு நேரே மூன்று பந்து, மூன்றும் தட்டுக்கு மேலால் என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.