டப்பாவில் தம்பியின் முகம்

மாமாவுடைய தம்பியின் முகம் மீன் டப்பாவில் அச்சாகப் போகிறதாம். ஐஸ் வண்டிக்காரர் யாரோ சொல்லக் கேட்டு அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதைச் சாப்பாட்டோடு சேர்த்து மாமாவுக்குப் பரிமாறினாள்.

“கடலைக் கெடுக்காம மீன் பிடிக்கிறவங்கன்னு சான்றிதழ் வரப் போகுதாம். உங்க தம்பி சிரிக்கிற மாதிரி படமாம்.”

“அவன் பல்லைப் பார்த்தா எவன் மீன் வாங்குவான்?” என்றார் மாமா. அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

படகுத்துறையில் மாமாவுக்கு ‘மோட்டார்’ என்று பெயர். எந்த எஞ்சின் இருமினாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார். ஆனால் சான்றிதழ்க் கூட்டம் என்றால் அந்தப் பக்கம் போகமாட்டார். குஞ்சு மீன் தப்பிக்கப் பெரிய கண் வலை, ஆமை சிக்கினால் விடுவிக்கும் முறை என்று அங்கே பேச்சு நடக்கும். பேசுவது அந்தத் தம்பி, சின்ன மாமா. அதை வேறு உட்கார்ந்து கேட்க வேண்டுமா? வலையை மாற்றச் சொன்னார்கள், மாமா மாற்றினார். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார்.

மறுநாள் தணிக்கை அதிகாரி வெயிலில் ஒவ்வொரு வலையாகக் கண் அளந்துகொண்டு வந்தார். சின்ன மாமா அவருக்குக் குடை பிடித்து நடந்தார். அந்தக் குடைதான் மாமாவைக் கெடுத்தது.

அதிகாரி தனியாக நின்ற நேரம் பார்த்து, “சார், என் தம்பி கொட்டகையில சின்னக் கண் வலை ஒண்ணு கிடக்கு. எதுக்குன்னு கேளுங்க,” என்றார். வலை கிடந்தது உண்மை. எலி கடித்து, யாரும் தொடாமல் வருடக்கணக்கில் கிடந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

மாலையில் சின்ன மாமா முகம் வெளிறி வந்தார்.

“அண்ணே, எவனோ போட்டுக் குடுத்துட்டான். சான்றிதழை நிறுத்தி வச்சுட்டாங்க.”

“உன் படகுக்குத்தானே?”

“கூட்டத்துக்கு வந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா? துறையில இருக்கற அத்தனை படகுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்ணே. உங்க மீனையும் இனி டப்பா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்.”

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

“பயப்படாதீங்கண்ணே. காலையில நானே அதிகாரிகிட்ட பேசிடறேன். நான் சொன்னா அவர் கேப்பாரு.”

யார் சொன்னது என்று அதிகாரி வாய் தவறினால் துறையில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயம் மாமாவுக்கு இருந்தது. ஆனாலும் குத்தியது தம்பியின் கடைசி வார்த்தைதான். எல்லாரையும் காப்பாற்றியவன் என்ற பெயரும் அவனுக்கேவா?

தம்பி படியிறங்கியதும், அவனுக்கு முந்தித் தானே அந்த வலையின் உண்மையைச் சொல்லிவிடக் கைப்பேசியை எடுத்து அதிகாரியின் எண்ணை அழுத்தினார்.

“தம்பிகிட்ட சொல்ல வேண்டியதை யார்கிட்ட சொல்லப் போறீங்க?” என்றாள் அத்தை.

“சும்மா இரு,” என்று கையைக் காட்டினார் மாமா. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.