சாட்சி சொல்ல வந்தவள்

என் கணவருடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சேலைகூட மாற்றியிருக்கவில்லை. கையில் ஒரு குடை, பொலித்தீன் பையில் சுற்றிய வேதாகமம். முன்பின் பார்த்த முகமில்லை.

"அக்கா, உங்களோட கொஞ்ச நேரம் இரிந்திட்டுப் போகட்டா?"

துக்க வீட்டில் யாரையும் வாசலோடு அனுப்பக் கூடாது. கதிரையைக் காட்டினேன். அரை மணித்தியாலம் தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "ஜெபிக்கட்டா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு எழுத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்குச் செபம். 'ஜெ' போடுகிறவர்கள் பெந்தெகொஸ்தே சபைக்காரர். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு வேதாகமத்தோடு புது ஆள் வந்தால் அடுத்த மாதம் அந்த வீட்டுக்காரர் சபையில் இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினேன். சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனாள்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். இருபது வருடத்துக்கு மேல் பரீட்சை மண்டபங்களில் நின்றிருக்கிறேன். எந்தப் பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் புத்தி வீட்டிலும் என்னை விடுவதில்லை. "மோட்சத்திலயிரிந்து சம்மனசு இறங்கி வந்து உனக்கு முன்னால நிண்டாலும் அடையாள அட்டை கேப்பாய்" என்று என் கணவர் கேலி செய்வார்.

அன்றைக்கு வட்டையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டருக்கு ஒரு வாசர் வாங்க ஓட்டமாவடிக்குப் போனவர். திரும்பி வருகிற வழியில் டிப்பர் லொறி அடித்தது. செய்தி கொண்டுவந்தவர், "உடனேயே போயிட்டார், நோவே தெரிஞ்சிரிக்காது" என்றார். பொலிசும் அதையே சொன்னது. அவருடைய தம்பியும் சொன்னார். பாதரும் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நாலு தாளில் ஒரே வசனம் இருந்தால் மூன்று பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். உடனே போன மனிதரை எதற்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள் என்று கேட்டேன். எல்லோரும் என்னைச் சாப்பிடச் சொன்னார்கள்.

ஆறுதலுக்குக் குறைவில்லை. கடவுள் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார் என்றார் ஒரு சிஸ்டர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சீனி வருத்தம், மாரி வந்தால் முழங்கால் நோவு. எந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு பூ என்று கேட்க வாய் வரை வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் தனியாகவா கிடந்து போனார்? அது தெரியாமல் எனக்குச் செபம் வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் செபமாலை முன்நின்று சொல்கிறவர் அவர்தான். இப்போது நான் தொடங்கினால் 'உம்முடைய சித்தம்' என்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கேயே எழும்பிவிடுவேன்.

அந்தப் பெண் புதன் தவறாமல் வந்தாள். கல்குடாப் பக்கம், கருவாட்டு வியாபாரம் என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணீர் கொடுத்தால் பாதி குடிப்பாள். அவருடைய படத்தைப் பார்த்து அழுவாள். என்னைவிட அதிகமாக அழுதாள், அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். டிப்பர்காரன்மேல் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். ஒருவேளை இவள் சபையிலிருந்தும் வரவில்லை, அவன் பக்கத்திலிருந்து வருகிறாளோ என்றும் யோசித்தேன். மன்னிக்கச் சொல்ல ஒரு கிறிஸ்தவளைத்தானே அனுப்புவார்கள்?

ஆறாவது புதன்கிழமை தேத்தண்ணீரைத் தொடாமல், "அக்கா, எனக்கு ஒரு சாட்சி சொல்லணும்" என்றாள்.

எங்கள் கோயிலில் சாட்சி என்றால் கலியாணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள். சபையில் அது வேறு. மைக்கைப் பிடித்து, நான் இப்படி அழிந்து கிடந்தேன், ஆண்டவர் இப்படித் தூக்கினார் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வது. சரி, இவள் தன் கதையைச் சொல்வாள், அடுத்தது என்னுடைய முறை என்று கணக்குப் போட்டேன். எழும்பி நின்றேன்.

"தங்கச்சி, உங்கட சபைக்கு நான் வரமாட்டன். மைக்கப் புடிச்சி அழவும் மாட்டன். அந்த டிரைவர மன்னிக்கச் சொல்லி வந்திரிந்தா, அதுவும் இப்ப என்னால ஏலா. இனி வராதீங்க."

அவளும் எழும்பினாள். ஆனால் போகவில்லை.

"அந்தச் சாட்சி இல்லக்கா. கண்ட சாட்சி."

அவள் நின்றபடியே சொன்னாள். அன்றைக்குக் கருவாடு விற்றுவிட்டு ஓட்டமாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அடித்ததைக் கண்டு முதலில் ஓடினது இவள்தான்.

"அவரு உடனே போகல்லக்கா. ஆம்புலன்ஸ் வரும் மட்டும் உசிரோடதான் இரிந்தாரு. தலைய என்ட மடியில வெச்சிக்கிட்டன். ஜெபிக்கட்டா அண்ணன் எண்டு கேட்டன்."

இனி வரப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எத்தனை பேருடைய சாவை இப்படிக் கேட்டிருக்கிறேன்! "கையக் கூப்பி, இயேசுவே எண்டு சொல்லிக் கண்ண மூடினாராக்கும்" என்றேன். என் குரலில் இருந்த விஷம் எனக்கே கேட்டது.

அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லக்கா. 'செபம் வேணாம் தங்கச்சி, கையப் புடிச்சிக்கங்க' எண்டாரு. அதுக்கு மறுகா ஒண்டும் பேசல்ல. நானும் ஜெபிக்கல்ல. ஒரு ஆத்துமா போற நேரம் ஜெபிக்காம வுட்ட பாவி நான். பாஸ்டருக்கிட்டயும் சொல்லல்ல. மரண நோட்டீசில படத்தக் கண்டுதான் வீடு தேடி வந்தன். நீங்க கோயில் குடும்பம், இதக் கேட்டா நொந்துபோவீங்க எண்டு ஒவ்வொரு புதனும் சொல்லாமலே போனன்."

பார்த்து எழுதுகிறவன் சரியான விடையைத்தான் எழுதுவான். பிழையான விடை, அதுவும் தன்னுடைய புள்ளியையே குறைக்கிற விடை, பிள்ளை சொந்தமாக எழுதியது. எந்தச் சபைக்காரியும் செபம் வேண்டாம் என்று சொன்ன மனிதரைக் கற்பனை செய்துகொண்டு ஆறு கிழமை அழ மாட்டாள். அதோடு இன்னொன்று. மற்ற இடமெல்லாம் 'ஜெ' என்றவள், அவர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் 'செபம்' என்றாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. அது அவருடைய வாய்.

எனக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, பொறாமை. இருபத்தாறு வருடம் கூட இருந்தவள் நான். யாரோ ஒரு கருவாட்டுக்காரி அல்லவா அங்கே இருந்திருக்கிறாள்! அவருக்கு நொந்திருக்கிறது, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை நினைக்க நெஞ்சு எரிந்தது. ஊருக்கே செபம் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த நேரம் அது வேண்டியிருக்கவில்லையே, அது என்ன என்று ஆண்டவரிடம் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்டேன்தான், மனதுக்குள். பல நாளுக்குப் பிறகு ஆண்டவரோடு நேராகப் பேசியது அன்றைக்குத்தான். பதில் வந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"எந்தக் கை?" என்று அவளிடம் கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். ஒருமுறை யோசித்துப் பார்த்து, "வலக்கையில தலையத் தாங்கியிரிந்தன்" என்று இடக்கையை நீட்டினாள். உப்பில் வெடித்த, சொரசொரப்பான கை. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்குடாவுக்குக் கடைசி பஸ் போகும்வரை விடவில்லை.