பதில் சொல்லாத களாப்புதர்

அந்தக் களாப்புதர் என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயர்ந்திருந்தது. அதன் மறுபக்கக் கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே நின்று பழம் பறிப்பது அத்தைதான் என்று நினைத்து, நான் இந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டே இருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், கெலமங்கலத்தை அடுத்த காட்டில் நடந்தது இது. எனக்கு எட்டு வயது. களாப்பழம் கறுத்துவிட்டால் கரடியும் அதைத் தேடி வரும். அதனால் பறிக்கப் போகிற பெண்கள் வாயை மூடுவதில்லை. பேச்சு ஓய்ந்தால் "இருக்கியா?" என்று ஒருத்தி கேட்பாள், "இருக்கறேன்" என்று மற்றவள் சொல்வாள். மனிதச் சத்தம் கேட்டால் கரடி விலகிவிடும் என்று நம்பினோம். அன்று போனது அத்தையும் நானும் மட்டும்.

"இருக்கியா அத்தே?" என்றேன். பதில் இல்லை. எதையோ உறிஞ்சுவது போன்ற சத்தம் மட்டும் வந்தது. "வாய் நெறைய பழமா? மாமாவுக்கு ரெண்டாச்சும் மிச்சம் வையி" என்று கேலி செய்தேன். கிளைகள் இன்னும் வேகமாக ஆடின.

அப்போது அத்தையின் குரல் என் முதுகுக்குப் பின்னால், வண்டிப்பாதையிலிருந்து வந்தது. மடியில் சேர்ந்த பழத்தைக் கூடையில் கொட்ட அங்கே போயிருக்கிறாள்.

"கண்ணு, ராத்திரிக்குக் களி கிண்டலாமா? அப்படியே பின்னாலயே நடந்து வா. ஓடக் கூடாது. களிக்குக் கீரையா, கொள்ளா? சத்தமாச் சொல்லு."

அடுப்படியில் பேசுகிற அதே குரல். நான் குனிந்து பார்த்தேன். புதருக்கு அடியில் வளைந்த நீள நகங்கள் மண்ணில் பதிந்திருந்தன. "கொள்ளு" என்றேன், காற்றுத்தான் வந்தது.

"கேக்கல கண்ணு. இன்னொருக்கா சொல்லு."

"கொள்ளு, கொள்ளு" என்று சொல்லியபடியே காலைப் பின்னால் வைத்தேன். அத்தையின் கை என் மணிக்கட்டைப் பற்றும்வரை அந்த நகங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஊர் வந்து சேரும்வரை அத்தை கொள்ளைப் பற்றியே பேசினாள். வீட்டில் களி கிண்டத் துடுப்பை எடுத்தபோதுதான் அவளுடைய உள்ளங்கை வீங்கியிருப்பதை மாமா பார்த்தார். என்னைக் கூப்பிட்ட நேரத்தில் பக்கத்துக் களாக்கிளையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. "எப்பக் குத்துச்சின்னே தெரியல" என்றாள்.

நேற்று மூக்கண்டப்பள்ளியில், ஒரு தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே தப்பி நிற்கும் களாப்புதரைப் பார்த்தேன். அதன் மறுபக்கக் கிளை ஆடியது. ஆடாகத்தான் இருக்கும். ஆனாலும் "கொள்ளு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். என்னைப் பற்றிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.