அந்தப் பக்கம் பிரேக் இல்லை

அண்ணன் இருந்தவரை ரொட்டி வண்டியில் அண்ணிக்கு ஒரே இடம்தான், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை. விடிவதற்குமுன் வீட்டின் பின்புறத்து அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து, தட்டுகளில் அடுக்கி, வண்டிக்குள் செருகிவிட்டு ஏறிக்கொள்வார். எந்தக் கடையில் எதை இறக்குவது என்பது அவருக்குத்தான் தெரியும். அதனால் அண்ணன் அவரைக் கண்டக்டரம்மா என்றே கூப்பிடுவான்.

வண்டிக்கு முன்னால் ஒரு நாய் தலைகாட்டினால் போதும், அண்ணியின் வலது கால் தரையை அழுத்தும். வருடக்கணக்கில் அழுத்தியதில் அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் குழியே விழுந்துவிட்டது.

"பயப்படாதீங்க கண்டக்டரம்மா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல" என்பான் அண்ணன். "இருந்திருந்தா நாம இன்னும் முதல் கடைக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்."

"வாயால ஓட்டினது போதும். ரோட்டைப் பாருங்க."

ஒரு காலையில், தண்ணீர்த் தொட்டி இருக்கும் திருப்பத்தில், "கொஞ்சம் நிறுத்திக்கிறேன்" என்றானாம். இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரம்கட்டி, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்தான். அடுத்து ரொட்டி இறக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி கேண்டீன். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. இறங்கி ஓடினார். ஆட்களோடு அவர் திரும்பி வந்தபோது தட்டுகளில் ரொட்டி இன்னும் சூடாகவே இருந்தது. அண்ணன் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டார் அண்ணி.

"சொல்றதுக்கில்லம்மா" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் எங்கள் வீட்டிலேயே குடியேறிவிட்டது. மாவு பிசையும்போது அண்ணியின் கை திடீரென்று நிற்கும். "சொல்றதுக்கில்லன்னா என்ன அர்த்தம்? பிழைச்சிருப்பார்னா, இல்ல மாட்டார்னா?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். மாவில் தண்ணீர் போதுமா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

தற்காலிகமாக ஒருவர் வண்டி ஓட்டினார். அண்ணி அதில் ஏறவில்லை. "நான் வண்டி கத்துக்கப் போறேன்" என்று ஒருநாள் சொன்னார். பயிற்சிப் பள்ளிக்குப் போனார். எனக்கு விடியற்காலை ஷிப்ட் வேலை, ரொட்டி வண்டியை ஓட்ட முடியாது; ஆனால் உரிமம் இருந்ததால், சாயங்காலங்களில் எங்கள் வண்டியிலேயே அவர் பழக நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் தண்ணீர்த் தொட்டித் திருப்பம் நெருங்கினாலே வேறு தெருவில் திரும்பிவிடுவார். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் வண்டியிலேயே நடந்த உரிமத் தேர்வில் அப்படித் திரும்ப முடியவில்லை. அந்தத் திருப்பத்தில் சாலையோரம் அகலமாக இருக்கும். அண்ணனும் அதனால்தான் அங்கே நிறுத்தியிருப்பான். தேர்வு அதிகாரியும் எல்லோரையும் அங்கேதான் நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைத்து, மறுபடி எடுக்கச் சொல்வாராம்.

நான் அலுவலக வாசலில் காத்திருந்தேன். வண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் அதிகாரி. அண்ணி தன் பழைய இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"தங்கமா நிறுத்தறாங்க" என்றார் அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. "எடுன்னா எடுக்க மாட்டேங்கறாங்க. சிலை மாதிரி உக்காந்துட்டாங்க. அடுத்த தடவை பார்ப்போம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னார். "சாவியைத் திருப்ப கை வரல."

"ஏன் அண்ணி?"

"திருப்பினா கிளம்பிடுமே."

"கிளம்பத்தானே வேணும்?"

"அன்னைக்கும் இவ்வளவு சுலபமாத்தானே கிளம்பியிருக்கும்."

தற்காலிக ஓட்டுநர் வேறு வேலைக்குப் போகப்போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த தேர்விலும் அங்கே அப்படியே உட்கார்ந்துவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அண்ணிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஓரத்திலிருந்து வண்டியை எடுத்தாக வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாம் தேர்விலும் அதே அதிகாரிதான். அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். அண்ணி நிறுத்தினார், கைபிரேக்கை இழுத்தார், அணைத்தார். "எடுங்கம்மா" என்றார் அதிகாரி. போன தடவை நினைவில் இருந்ததோ என்னவோ, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணி திரும்பிப் பார்த்தார். அதிகாரியின் வலது கால் விரிப்பின் குழிக்குள் இருந்தது. அழுத்திக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க சார், அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும்மா. அதான் பயமே."

வண்டி கிளம்பிவிட்டது. "அதை நான் சொல்லல" என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னார். "என் வாய்தான். ஆனா சத்தியமா நான் சொல்லல. அவர் சொல்ற அதே ராகம்." நான் சிரிக்க முயன்றேன்.

உரிமம் வந்த மறுநாள் விடியற்காலையில் ரொட்டித் தட்டுகளை ஏற்றினோம். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் அண்ணியின் இருக்கையில் உட்கார்ந்தேன். வழியில் கடை கடையாக இறக்கிக்கொண்டு போனோம். திருப்பம் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணி இண்டிகேட்டர் போட்டார். ஓரம்கட்டினார். கைபிரேக், பிறகு சாவி. வண்டிக்குள் ரொட்டி வாசனை மட்டும் இருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தார்.

முதல் கியர். இரண்டாவது. மூன்றாவதுக்கு மாற்றக் கையைக் கொண்டுபோனார், அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. காவலாளி தடுப்பைத் தூக்கினார். கேண்டீன் முன்னால் வண்டி நின்றது.

அண்ணி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

என் கால் அந்தக் குழிக்குள் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. வலிக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணி இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். தட்டு ஒன்றை இழுத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றார்.