கைவைத்தவன் பெயர் இல்லாத அறிக்கை

அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடிதான் எங்கள் ஆபீஸ். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். யாருக்கு எத்தனை மணிக்கு மெஷின் என்று முந்தின நாள் மாலையே நோயாளியின் போனுக்கு மெசேஜ் போய்விடும். மென்பொருளில் எதையாவது மாற்றி சர்வரில் ஏற்றுவதை ரிலீஸ் என்போம். ரிலீஸுக்குப் பிறகு ஏதாவது கோளாறு என்றால், காரணத்தைத் தேடியே அரை நாள் போய்விடும்.

அந்தத் தேடலை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கலாம் என்று துள்ளியவன் நான். ஏஜென்ட்டுக்கு யோசிக்கத் தெரியும். ஆனால் எங்களிடம் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்கான கருவிகளை நான் எழுதினேன். சர்வர் தானாக எழுதிவைக்கும் லாக்கைப் படிக்க ஒன்று. யார் எப்போது எந்த மாற்றத்தை ஏற்றினார்கள் என்று பார்க்க ஒன்று. சர்வரின் செட்டிங்ஸ் அமைப்புகளையே நேராகப் போய்ப் பார்க்கும் மூன்றாவதை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சுவாரசியமில்லாத வேலை அது. முதல் இரண்டும் ஓட ஆரம்பித்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்கள் ஐந்து பேரில் அந்தக் கருவிகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவள் ஒருத்திதான். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வேலையை உறுதி செய்யும் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். வீட்டிலிருந்து போன் வந்தால் உருது, எங்களோடு தமிழ். ஒரே ஒரு வரியை மாற்றினாலும், ஏன் மாற்றினேன், யார் கேட்டார்கள், எதையெல்லாம் தொடவில்லை என்பதுவரை குறிப்பு எழுதிவிட்டுத்தான் ஏற்றுவாள். நாங்கள் மற்ற நாலு பேரும் அப்படியில்லை. மையத்திலிருந்து யாராவது போன் செய்து "சார், அத கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்" என்பார்கள். நேராக சர்வருக்குள் புகுந்து மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். எங்கும் ஒரு வரி இருக்காது.

ஒரு வியாழக்கிழமை காலை அடையாறு மையத்திலிருந்து போன் வந்தது. பதினொன்றரை மணி நோயாளிகளுக்கெல்லாம் காலை ஆறு மணி என்று மெசேஜ் போயிருக்கிறது. ஆறு மணிக்காரர்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அவர்கள் அதை நம்பவில்லை, வழக்கமான நேரத்துக்கே வந்துவிட்டார்கள். ஆனால் ஆறு மணி என்பது நம்பக்கூடிய நேரம். நம்பி வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஏஜென்ட்டைக் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் அறிக்கை வந்தது: நேற்று மாலை ஒரு ரிலீஸ் ஏறியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் நேரம் பிசகியிருக்கிறது, ஏற்றியவர் இன்னார் என்று அவள் பெயர்.

எங்கள் மேலாளர் திரையைப் பார்த்தார். "தெளிவா இருக்கே. அந்த ரிலீஸைத் திருப்பி எடுத்துடுங்கோ." பிறகு அவளிடம், "உன் லெட்டர் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்மா."

"நான் நேரத்தத் தொடவே இல்ல சார். குறிப்புலயே எழுதியிருக்கேன்" என்றாள். எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தாள். "சர்வர்ல வேற யாராவது கை வெச்சீங்களா?"

மற்றவர்கள் தத்தம் திரைக்குத் திரும்பினார்கள். நானும் என் திரைக்குத் திரும்பினேன்.

ஆறுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. திங்கட்கிழமை ஒரு மையத்தில் ரிப்போர்ட்டில் தேதி தப்பாக வருகிறது என்று போன் வந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்காக சர்வரின் நேரத்தை கிரீன்விச்சுக்கு மாற்றியவன் நான். திருப்பி வைக்க மறந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை அவள் ரிலீஸை ஏற்றியபோது அது நின்று மறுபடி கிளம்பியது. கிளம்பும்போது நான் விட்டுவைத்த நேரத்தை எடுத்துக்கொண்டது.

இதற்கு மேல் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளுடைய ரிலீஸைத் திருப்பி எடுக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. எடுப்பதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் சர்வரின் நேரத்தை மறுபடி இந்திய நேரத்துக்கு மாற்றினேன். எல்லாம் சரியாகிவிட்டது. அவள் ரிலீஸை எடுத்ததால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பினார்கள். பொய் சொல்லாமலேயே அவளுக்கு எதிராக ஒரு சாட்சியை உண்டாக்கிவிட்டேன்.

மையத்துக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரும்படி மேலாளர் என்னை அனுப்பினார். போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மெஷின் அறைக்கு வெளியே, ஊரூர் குப்பத்திலிருந்து அம்மாவைக் கூட்டிவந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"நீதான் அந்த மெசேஜ் ஆபீஸா?"

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க."

"ஆறு மணிலேர்ந்து குந்திகினு கீறோம். எங்கம்மாவுக்கு கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. இப்பத்தான் உள்ள கூப்ட்டாங்க. யாரோ புதுசா வந்த பொண்ணு பண்ண வேலையாமே? இங்க மேனேஜரு சொன்னாரு. மொதல்ல அத வேலைய வுட்டுத் தூக்குங்க."

ஆபீஸுக்குள் இருந்த ஓர் அறிக்கை இரண்டு மணி நேரத்தில் அடையாறு வரைக்கும் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு இல்லீங்க. நான்தான் பண்ணேன்."

"நீயா?" மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ அத்த ஏன் சொல்றாங்க?"

மறுபடி மன்னிப்புத்தான் கேட்டேன்.

"நல்லா கீதுபா உங்க நாயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். திங்கட்கிழமை மாற்றியது, மறந்தது, காலையில் ஒளித்துச் சரிசெய்தது, மூன்றையும். பக்கத்து இருக்கைக்காரன் மட்டும், "மச்சி, நீ செஞ்ச ஏஜென்ட்டே உன்னக் காட்டிக் குடுக்கல, நீ ஏன்டா வாயத் தொறக்குற?" என்றான். மேலாளர் அவளிடம், "லெட்டர் திங்கக்கிழமை வந்துடும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்.

அந்த அறிக்கையை அழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். பழைய அறிக்கைகளையும் ஏஜென்ட் படிக்கும்; அவள் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அழிக்காதீங்க. மொதல்ல அது என்ன சொல்லிச்சோ அதுவும் இருக்கட்டும். அதுக்குக் கீழ நீங்க எழுதுங்க."

எழுதினேன். நேரத்தை மாற்றியவன் பெயர், மாற்றிய நாள், சர்வரின் அமைப்பைப் பார்க்கும் கருவி இன்னும் செய்யப்படவில்லை என்பது.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கல்ல, அது?"

"சுமார் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை, காரணம் தெரிந்தும் நான் சொல்லவில்லை" என்று தட்டினேன்.

குனிந்து படித்தாள். "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க கேட்டப்போ."

"அது பத்தேகால்" என்றாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, 'சுமார் பத்து' என்பதை அழித்து, சரியான நேரத்தைப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.