டிக்கிக்குள்ளிருந்து இரண்டு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் என் காரின் டிக்கிக்குள் இருந்தேன்.

டிக்கியைத் திறந்துவைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தேன். முழு உடம்போடு. மூடி பூட்டியிருந்தது.

எழுபத்து மூன்று வயது. ஓய்வு பெற்ற எலெக்ட்ரிகல் பேராசிரியர். துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் மின்சுற்று நடத்தியவன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு வாழ்க்கையைப் பற்றி எடுத்துச் சொல்கிறவன். அப்பேர்ப்பட்டவன், ஸ்டெப்னி டயரைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, இருட்டில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன்? அதற்கு நான்கு மாதம் பின்னால் போக வேண்டும். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகிறேன்.

எங்கள் காருக்குப் பதினாறு வயது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் டிக்கியைத் திறக்க ஒரு லிவர் உண்டு. அதன் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. மாற்றுச் சாவியும் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஆக, டிக்கியைத் திறக்க ஒரே வழி – இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு, நான் இறங்கிப் போய்த் திறப்பது.

ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போவோம். ‘போவோம்’ என்று பன்மையில் எழுதினேனே தவிர, உள்ளே போவது என் மனைவி பத்மா மட்டும்தான். நான் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பேன். அவள் இரண்டு கையிலும் பையோடு வந்து டிக்கியை இரண்டு தட்டு தட்டுவாள். நான் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, ஒரு விரலைக் காட்டுவேன். ஒரு நிமிஷம்!

பேப்பரில் பாதி படித்த செய்தியை முடிக்க ஒரு நிமிஷம். ரேடியோவில் பாட்டு முடிய ஒரு நிமிஷம். வருஷக்கணக்காக இதுதான் எங்கள் ஏற்பாடு. ஓங்கித் தட்டினால், “பெயின்ட் போயிடும்” என்று சத்தம் வேறு போடுவேன்.

அன்றைக்குச் சித்திரை வெயில். அவள் தட்டியபோது நான் போனில் இருந்தேன். விரலைக் காட்டினேன். பேச்சு நீண்டது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் விரல். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே விரலைக் காட்டினேன்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் முகம் வந்தது.

“ஏங்க பெரியவரே, அம்மா வெயில்ல சுருண்டு உக்காந்துட்டாங்க. நீங்க உள்ள குளுகுளுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. இறங்குங்க சார்!”

இறங்கினேன். பத்மா ஒரு வெங்காய மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்திருந்தார்கள். தக்காளி ரோட்டில் உருண்டு கிடந்தது. அவளுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. போனைப் பார்த்தேன். அந்த அழைப்பின் நீளம் பதினொரு நிமிஷம்.

போனில் யாரோடு பேசினேன் தெரியுமா? இந்தப் பத்திரிகை ஆசிரியரோடு. எதைப் பற்றி? அந்த வாரப் பத்தியைப் பற்றி. தலைப்பு ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ‘பொறுமை ஒரு வரம்’. பாராட்டி நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதங்களை நான் முழுதாகப் படிக்கவில்லை.

பத்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பைகளை ஒரு ஆட்டோவில் ஏற்றச் சொல்லி, தானும் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே காலி டிக்கியோடு காவிரிப் பாலம் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவள் என் காரில் ஏறவே இல்லை.

கோபம், சண்டை, பேசாமை – எதுவும் கிடையாது. காபி வரும். சாதம் வரும். ஆனால் மார்க்கெட்டுக்கு, டாக்டரிடம், தங்கை வீட்டுக்கு – எல்லாம் பஸ்தான்.

“கார்ல வாயேன்” என்றேன் ஒருநாள்.

“பஸ்ஸுல கண்டக்டர் பையை வாங்கி வெச்சுக்கறார்” என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம்தான். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மூளை வேலை செய்தது. படித்த மூளைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு – தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிடும். பக்கத்தில் அடுத்தவர் யாரும் இல்லாததால் நான் டிக்கியின் தலையில் கட்டினேன். கோளாறு என்னிடம் இல்லை... டிக்கியில் இருக்கிறது. அதை ரிமோட்டில் திறக்கும்படி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

பாலக்கரையில் சலீம் பாய் என்று ஒரு கார் எலெக்ட்ரீஷியன். விஷயத்தைச் சொன்னேன்.

“சார், வண்டிக்கு வயசு பதினாறு. உங்களுக்கு எழுபத்து மூணு. ரெண்டு பேரையும் போட்டு ஏன் படுத்துறீங்க?”

“முடியுமா முடியாதா பாய்?”

“முடியும் சார். ஒரு சின்ன மோட்டார், ஒரு ரிலே, ரெண்டு ரிமோட்டு. காலையில விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்.”

“நானே மாட்டறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

சலீம் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கையில ஸ்க்ரூடிரைவர் புடிச்சிருக்கீங்களா சார்?”

முப்பது வருஷம் கரும்பலகையில் ரிலே படம் வரைந்தவனிடம் கேட்கிற கேள்வியா? கேட்க வேண்டிய கேள்விதான். ரிலேயைக் கையால் தொட்டது கிடையாது. லேபில் அதெல்லாம் டெமான்ஸ்ட்ரேட்டர் பார்த்துக்கொள்வார்.

பாய் பொறுமையாக ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஒன்று சொன்னார். “லாக்கை மூடுற தகடை மட்டும் உடனே போட்டுறாதீங்க. மொதல்ல டிக்கியை நாலு தடவை மூடி, ரிமோட்டுல தொறந்து பாருங்க. அப்புறம் போடுங்க.”

ஒரு வாரம். எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினமும் காலையில் இரண்டு மணி நேரம். பேட்டரியிலிருந்து மிதியடிக்கு அடியில் ஒயர் இழுத்தேன். மோட்டாரை முதலில் தலைகீழாக இணைத்தேன். கம்பியை இழுப்பதற்குப் பதில் தள்ளியது. மாற்றினேன். சனிக்கிழமை ரிமோட்டை அமுக்கினேன்... டக்! கம்பி இழுத்தது. மூடி திறந்திருந்த நிலையில்தான். ஆனாலும் இழுத்ததே! அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் பார்க்கிங்கில் தனியாகக் கை தட்டினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

சந்தோஷ வேகத்தில் தகட்டைப் போட்டு, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கி, லாக்கை அழகாக மூடிவிட்டேன்.

ஞாயிறு காலை. பத்மா பஸ்ஸில் மார்க்கெட் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்போது, ரிமோட்டை அமுக்கி அசத்திவிட வேண்டும் என்று திட்டம். ஒரே ஒரு வேலை பாக்கி – டிக்கியின் ஆழத்தில் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கை எட்டவில்லை. புழுக்கம். சட்டையைக் கழற்றி சைடு மிரரில் மாட்டினேன். பழைய வண்டி, மூடி தானாக நிற்காது. ஒட்டடைக் குச்சியால் முட்டுக் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே ஏறிப் படுத்தேன்.

ஒயரைக் கட்டினேன். திரும்பினேன். காலில் குச்சி பட்டது.

டமால்.

இருட்டு.

முதல் எண்ணம் – அடடா, நன்றாகத்தான் மூடுகிறது! இரண்டாவது எண்ணம் – ரிமோட் எங்கே? சட்டைப் பையில். இரண்டு ரிமோட்டும். சட்டை எங்கே? வெளியே. கார்ச் சாவி? அது பத்திரமாக என் இடுப்பில் செருகியிருந்தது. சாவி உள்ளே, சாவித் துவாரம் வெளியே. கம்பியைக் கையால் இழுத்தால் திறக்கும்தான். ஆனால் கம்பிக்கு மேல் தகடு, தகட்டுக்கு மேல் நாலு ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவர் தரையில். செல்போன் வீட்டில். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஆவணி மாதம்தான், ஆனாலும் தகரத்துக்குள் வெயில் வெயில்தான். ஒன்று சொல்கிறேன்... காத்திருக்கிறவருக்கு நிமிஷம் என்பது அறுபது விநாடி இல்லை. பொறுமையைப் பற்றிப் பத்தி எழுதியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அங்கே படுத்திருந்தபோதுதான் எனக்கு அந்த வெங்காய மூட்டை ஞாபகம் வந்தது.

கேட் திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை... பத்மா!

டிக்கியை உள்ளேயிருந்து தட்டினேன். இரண்டு தட்டு.

நடை நின்றது. “யாரு?”

“நான்தான்.”

“எங்கேர்ந்து பேசறேள்?”

“டிக்கிலேர்ந்து.”

செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. “அதுக்குள்ள என்ன பண்றேள்?”

“அப்பறம் சொல்றேன். முதல்ல தொற.”

“இருங்கோ. ஒரு நிமிஷம். பையைக் கீழ வெச்சுக்கறேன்.”

வேண்டுமென்று சொன்னாளா, யதார்த்தமாகச் சொன்னாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

“சட்டைப் பையில ரிமோட் இருக்கு பாரு.”

“ரெண்டு இருக்கே. எது?”

“எதுவானாலும் சரி. ஒண்ணு உனக்குத்தான். உனக்காகத்தான் மாட்டினேன். நீ டிக்கிக்குப் பின்னாடி நிக்கவே வேண்டாம்னு...”

முகம் தெரியாத இருட்டில் சில வார்த்தைகள் சுலபமாக வந்துவிடுகின்றன.

“பத்மா... அன்னிக்கு மார்க்கெட்டுல... டிக்கி மேல தப்பில்லே. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு.”

“கேக்கலை. சத்தமாச் சொல்லுங்கோ.”

சத்தமாகச் சொன்னேன். மாடி வீட்டு மாமியின் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

“மாமி, யாரோட பேசிண்டிருக்கேள்?”

“எங்காத்து மாமாவோடதான்.”

“மாமா எங்கே? காணுமே!”

“டிக்கில இருக்கார். என்னமோ மன்னிப்புக் கேக்கறார்.”

“அமுக்கு பத்மா!” என்று கத்தினேன். கத்தின பிறகுதான் உறைத்தது. மூடிய நிலையில் இதை நான் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. ரப்பர் இறுக்கத்தை அந்தச் சின்ன மோட்டார் தாங்குமா? தாங்காவிட்டால்?

டக்!

மூடி ஒரு விரற்கடை எழும்பியது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். சட்டையில்லாமல், தலை நிறையத் தூசியோடு எழுந்து உட்கார்ந்து, நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“வேலை செய்யறது! முதல் தடவையே வேலை செய்யறது!”

பத்மா என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நான்கு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. கண்ணில் நீர் வருகிறவரை சிரித்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். மாடி வீட்டு மாமி ஜன்னலிலிருந்து கை தட்டினாள்.

“எவ்வளவு நேரம் உள்ள இருந்தேள்?”

“அரை மணி இருக்கும்.”

வாட்ச்மேன் டீ டம்ளரோடு வந்து தீர்ப்புச் சொன்னார். “இல்ல சார், நான் போயி ஆறு ஏழு நிமிஷம்தான் ஆச்சு.”

பதினொன்றுகூட இல்லை!

இந்தப் புதன்கிழமை காந்தி மார்க்கெட் போனோம். காரில். பத்மா முன் சீட்டில், கையில் ரிமோட். காய் வாங்கித் திரும்பும்போது இருபதடி தூரத்திலிருந்தே அமுக்கினாள். கூட்டத்துக்கு நடுவில் எங்கள் பதினாறு வயதுக் கிழவண்டி தானாக ஒரு விரற்கடை வாயைத் திறந்தது. அன்றைக்கு என்னைத் திட்டிய அதே தொழிலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, தானா தொறக்குது?”

“எங்காத்துக்காரர் பண்ணினது” என்றாள் பத்மா. எனக்குக் கிடைத்த எந்தப் பட்டமும் அதற்கு ஈடில்லை.

நான் வண்டிக்குள் இல்லை. இறங்கி, எதிரே நடந்து போய், அவள் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் முன்பே செய்திருக்கக்கூடியது. அதற்கு மோட்டாரும் தேவையில்லை, ரிலேயும் தேவையில்லை.

வருகிற வழியில் பாலக்கரையில் சலீம் பாய் கடை. வேலையைக் காட்டினேன். நாலு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, “பாஸ் சார்” என்றார். டிக்கிக்குள் மாட்டிக்கொண்ட கதையைப் பத்மா சொன்னதும் பதறிவிட்டார்.

“என்னா சார் இது, உசுரோட வெளையாட்டா? உள்ளேருந்து இழுத்தா தொறக்குற மாதிரி ஒரு கயிறு கட்டி விட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா சொன்னாள்.

“வேண்டாம் பாய். அது அப்படியே இருக்கட்டும்.”